மூடி மட்டும் கிடந்தது

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம். கோயமுத்தூருக்குக் கிழக்கே, திருச்சி ரோட்டை ஒட்டி மூடிக் கிடந்த ஒரு பிளேட்டிங் கம்பெனியில் எனக்குக் கூலி வேலை. இரும்புச் சாமான்களுக்குப் பளபளவென்று முலாம் பூசிய இடம் அது. பக்கத்துத் தோட்டத்துக் கிணறு மஞ்சளாகிப் போனதால் மூட வைத்துவிட்டார்கள். உள்ளே மிஞ்சிக் கிடந்த குரோமியத் தண்ணீரையும், தொட்டிகளின் அடியில் படிந்த சேற்றையும் அள்ளி லாரியில் ஏற்ற வேண்டும். நான் அஞ்சாவது வரை படித்தவன். அது விஷம் என்று மட்டும் தெரியும்.

மேற்பார்வைக்கு ஓர் இன்ஜினியர் இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். கையுறையும் முழங்கால் வரை பூட்ஸும் போடாமல் எங்கள் யாரையும் உள்ளே விடமாட்டார். வெயிலில் கால் வெந்துபோகும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். சாயங்காலம் அவர் செய்யும் வேலையைத்தான் பொறுக்க முடியவில்லை. காலியான நீல டிரம்களை வரிசையாக நிறுத்தி, கடப்பாரையால் ஒவ்வொன்றின் அடியிலும் ஓட்டை போடுவார்.

எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் பெரிது. எந்தக் கம்பெனியிலிருந்து டிரம் வெளியே வந்தாலும் அது ஒரு வீட்டுக்குப் போய்விடும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காய வைத்துத் தண்ணீர் பிடிப்போம். முன்னே அதில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில், நல்ல டிரம்மில் ஓட்டை போட்டால் வயிறு எரியாதா?

எங்களோடு வேலை செய்த ஓர் அக்கா வாய்விட்டே கேட்டுவிட்டார். "ஏனுங்க சார், ஊட்டுல அம்மணி திட்டுனா எங்ககிட்டச் சொல்லுங்க. இந்த டிரம்மு என்னங்க பாவம் பண்ணுச்சு?"

சார் சிரித்துக்கொண்டே அடுத்த ஓட்டையைப் போட்டார்.

"நல்லாத் தேச்சுக் கழுவுனாப் போயிருமுங்க சார்."

"போகாதும்மா. பிளாஸ்டிக்குள்ள ஊறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது."

அக்காவுக்குச் சொந்த ஊர் காங்கேயம் போகும் வழியில். வீட்டுக்காரர் நெஞ்சு நோவில் படுத்து, பிழைப்பாரா என்று இருந்து எழுந்தவர். அவர் எழுந்து நடந்தால் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குப் பூவோடு என்கிற தீச்சட்டி எடுத்து, ஊருக்கெல்லாம் மோர் ஊற்றுவதாக அக்கா நேர்ந்திருந்தார். நோம்பிக்கு முந்தின நாள் சாயங்காலமே லீவு சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஷெட்டில் சார் ஒரு மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஓட்டை போடாமல் மிஞ்சியிருந்த ஒரு டிரம் இல்லை. மூடி மட்டும் கிடந்தது.

"இன்னைக்கு யார் வரலை?" என்று கேட்டார். சொன்னேன்.

"அவங்க வீட்ல இன்னைக்கு என்ன?"

"நோம்பிங்க. மோர் ஊத்தறாங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "மோரா? புளிப்பு பட்டா உள்ள ஊறினதெல்லாம் வெளிய வந்துடுமே," என்று சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரை உதைத்தார். ஊர் எனக்குத் தெரியும் என்பதால் பின்னால் ஏறினேன்.

கோயிலுக்கு முன்னால் வேப்பமரத்தடியில், மூன்று கல்லின் மேல் அந்த டிரம் நின்றது. வாய் வரைக்கும் மோர். மேலே கறிவேப்பிலை மிதந்தது. சுற்றிலும் குழந்தைகள் சொம்பும் டம்ளருமாக நின்றார்கள். அக்காவின் வீட்டுக்காரர், எலும்பும் தோலுமாக, கையில் அகப்பையோடு நின்றார்.

"வாங்க வாங்க, கோயமுத்தூர்ல இருந்தா? அம்மணிகூட வேல செய்யறவிங்களா? செத்த இருங்க, மோர் குடிச்சுட்டுத்தான் போகோணும்."

"யாராவது குடிச்சுட்டாங்களா?" என்றார் சார்.

"அதெப்படிங்க? பூவோடு வந்து, அம்மனுக்கு வெச்சதுக்கப்பறம்தானுங்க வாயில படோணும்."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் மேளச் சத்தம் தெருமுனைக்கு வந்துவிட்டது. பூவோடு ஏந்தி வருகிற கூட்டத்தில் அக்காவும் இருந்தார். கையில் தீச்சட்டி, உடம்பெல்லாம் மஞ்சள். அவரை நிறுத்திப் பேச முடியாது.

நடந்ததைச் சார் உரக்கச் சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லாரும் சொம்பையும் டம்ளரையும் கீழே வைத்துவிடுவார்கள். ஆனால் நோம்பிக்கு விஷம் கொண்டுவந்தவள் என்ற பேரோடு அக்கா அந்த ஊரில் இருக்க முடியுமா? சார் அந்த வீட்டுக்காரரையும் தெருமுனையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம், "குழந்தைகளைத் தள்ளிக் கூட்டிட்டுப் போ" என்றார். 'வண்டி திரும்புது, தள்ளி நில்லுங்க' என்று அவர்களை மரத்துக்கு அந்தப் பக்கம் ஓட்டினேன்.

சார் ஸ்கூட்டரைக் கிளப்பித் திருப்புகிற மாதிரி வந்து, நேராக டிரம்மின் மேல் விட்டார். கல் சரிந்தது. டிரம் உருண்டது. மோரெல்லாம் மண்ணில். சாரும் விழுந்தார். முழங்கால் கிழிந்து ரத்தம் வந்தது.

ஊரே கூடிவிட்டது. "கண்ணு பொடனிலயா இருக்குது உனக்கு?" "வண்டி ஓட்டத் தெரியாதவனுக்கு நோம்பில என்ன வேல?" ஒருவர் சட்டையைப் பிடித்தேவிட்டார். சார் கைகூப்பியபடி நின்றார். "மன்னிச்சுக்கோங்க, தெரியாமப் பட்டுடுச்சு" என்பதைத் தவிர வேறு சொல்லவில்லை. உண்மை என் தொண்டை வரை வந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டேன்.

அதற்குள் ஒரு பெண், "உடுங்க, போனது போச்சு. எங்கூட்டு மோர எடுத்தாறேன்" என்று ஓடினார். மாடு இல்லாத வீடு அங்கே குறைவு. வீட்டுக்கு ஒரு பானையாக வந்தது. அம்மனுக்கு வைத்தார்கள். குழந்தைகள் குடித்தார்கள்.

நாங்கள் ஒரு மண்வெட்டி கேட்டு வாங்கினோம். வழுக்கும் என்று சொல்லி, மோர் ஊறிய மண்ணைத் தோண்டிச் சாக்கில் கட்டினோம். அங்கேயும் எங்களுக்கு அதே வேலைதான்.

சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்த அக்கா, உருண்டு கிடந்த டிரம்மைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"டிரம்மை உடைச்சுட்டேன்மா. நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார் சார். டிரம் உடையவில்லை.

சாக்கு ஸ்கூட்டரின் முன்னால், நான் பின்னால், என் தலைமேல் டிரம். காற்றில் அது என்னைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. அப்போதுதான் சார் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நோம்பி முடிந்து அக்கா வேலைக்கு வந்தார். சாயங்காலம் டிரம்களை வரிசையாக நிறுத்தியபோது அக்கா போய்க் கடப்பாரைக்குக் கை நீட்டினார். "குடுங்க சார். உங்களுக்குக் காலு நோகும்." அந்த டிரம்தான் முதலில் நின்றது. ஓங்கி ஒரே குத்து. அதன் பிறகு வேலை முடிகிற வரைக்கும் ஓட்டை போட்டது அக்காதான்.

இன்றைக்கும் எந்த வீட்டு வாசலில் நீல டிரம்மைப் பார்த்தாலும், விஷத்தை மண்ணில் கொட்டிவிட்டுப் பழியைத் தன்மேல் வாங்கிக்கொண்டு கைகூப்பி நின்ற அந்த மனுஷன்தான் என் கண்முன் நிற்கிறார்.