வாயில் போட்ட சீனி

கர்ப்பமாவதற்கு முன் எடையைக் கொஞ்சம் குறைக்கும்படி கிளினிக்கில் சொன்னார்கள். அவசரக்காரி நான், காலையும் மத்தியானமும் சாப்பாட்டை விட்டுவிட்டு, பாலில்லாத வெறும் பிளேன்டீயோடு பல்லேகல ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன். ஒரு சாயங்காலம் வீட்டு வாசலிலேயே மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது மாமியார், "முழுகாம இருக்கா போல!" என்று சிரித்தபடி என் வாயில் சீனியைப் போட்டார். அந்தச் சீனியில்தான் எனக்குத் தெம்பே வந்தது. அதற்குள் அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டார்.

மறுநாள் கிளினிக்கில் பரிசோதித்த நர்ஸ் மிஸ், "கர்ப்பமில்ல, பட்டினி. கொறைக்கத்தானே சொன்னோம், சாப்பிடவே வேணாம்னா சொன்னோம்?" என்றார்.

இப்போது சோற்றைக் குறைத்து, கீரை, பருப்பு, முட்டையோடு மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். எடை மெதுவாகத்தான் இறங்குகிறது. சாயங்காலம் நடக்கவும் போகிறேன், மாமியார் சொல்லிவைத்த வீடுகளுக்கெல்லாம் "இல்லீங்க" என்று பதில் சொல்லிக்கொண்டே.