கூடத்தில் ஓடிய கப்பல்

யுத்தத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு எனக்குப் பினாங்கில் வேலை கிடைத்தது. மூன்று குழந்தைகளோடு ஒரு வாரம் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் போக வேண்டும். நான் டிரங்குப் பெட்டி வாங்க அலைந்தேன். என் மனைவியோ பினாங்கு போய்வந்த ஒருத்தியிடம் விசாரித்துவிட்டு, எங்கள் சிம்மக்கல் வீட்டுக் கூடத்தில் கோலமாவால் ஒரு கட்டம் போட்டாள்.

“கப்பல்ல நமக்கு இம்புட்டு எடந்தான். இனி சாப்பாடு, தூக்கம், விளையாட்டு எல்லாம் இதுக்குள்ளதான்” என்றாள் பிள்ளைகளிடம்.

“ஒனக்கென்ன கிறுக்கா?” என்று சிரித்துவிட்டு நான் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டேன். பத்து நாள் அவர்கள் அதற்குள்ளேயே பழகினார்கள். ஒரு மூலையில் மட்டும் அவள் யாரையும் படுக்க விடவில்லை. ஏனென்று நான் கேட்கவும் இல்லை.

கடலில் மூன்றாம் நாள் அலை மூர்க்கமாக எழுந்தது. சிதறி ஓடிய பிள்ளைகளைத் தேடித் தாய்மார்கள் அலறினார்கள். என் குழந்தைகள் மூவரும் பாயை விட்டு அசையவில்லை. வேடிக்கை பார்க்கப் போயிருந்த நான்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடுங்கினேன்.

“அப்பா, கோட்டுக்குள்ள வாங்க!” என்று ஐந்து வயது மகள் கூப்பிட்டாள்.

வெட்கத்தோடு தவழ்ந்து போய்ச் சேர்ந்தேன். கூடத்தில் என் மனைவி யாருக்கும் கொடுக்காத அதே மூலை, பாயிலும் எனக்காகக் காலியாக இருந்தது.