‘போச்சா?’

என் மகள் கால் முன்னால் வர இருந்தவள். அதனால்தான் அறுவைச் சிகிச்சை செய்து எடுத்தார்கள். எங்கள் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் காலால் பிறந்த பிள்ளைக்கு ஒரு வேலை உண்டு. முதுகில் பிடிப்பு என்று வருகிறவர் குப்புறப் படுத்துக்கொள்வார். பிள்ளை அவர் முதுகில் மூன்று முறை மிதித்து இறங்க வேண்டும். பிடிப்பு விட்டுவிடும் என்பது நம்பிக்கை.

நான் பி.எஸ்சி. படித்தவள். இதெல்லாம் எனக்கு ஒப்பாது. ஆனால் என் மகளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். அவள் நடக்கத் தொடங்கியிருந்த சமயம், எதிர்வீட்டு அக்கா ஒருநாள் கேட்டாள்.

“இன்னாம்மா, உம் பொண்ணு தல மொதல்ல வந்துதா, காலு மொதல்ல வந்துதா?”

“ஆபரேஷன்தானேக்கா.”

“ஆபரேஷனா இருந்தா இன்னா? உள்ள எப்படி இருந்துதோ அதான் கணக்கு. ஆஸ்பத்திரி சீட்டுல எழுதியிருப்பாங்களே, எடுத்துப் படி.”

எடுத்துப் படித்தேன். பிரீச் என்று இருந்தது. அதோடு வாயை மூடியிருக்கலாம். படித்தவள் ஆயிற்றே, தலை மேலேயும் கால் கீழேயுமாக இருந்தாள் என்று அதன் பொருளையும் விளக்கினேன். அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

“ஆபரேஷன் புள்ளன்னா பவரு பாதிதான் இருக்கும்,” என்றார் அக்காவின் கணவர், சைக்கிளைத் துடைத்தபடி.

“உன் முதுகுக்கு அது போதும், வந்து படு,” என்றாள் அக்கா.

அப்படித் தொடங்கியது. மகள் யு.கே.ஜி. போகும் வயதில் எங்கள் தெருவில் அவள் பெரிய மனுஷி. நாற்று நட்டுவிட்டு வருகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், பைக்கில் கடலூருக்குப் போய் வருகிறவர்கள் என்று வாரத்துக்கு ஒருவராவது எங்கள் வாசலில் பாய் விரித்துப் படுப்பார்கள். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி, ஒன்று, ரெண்டு, மூன்று என்று மிதித்து இறங்கி, குனிந்து அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பாள்: “போச்சா?”

“போச்சு பாப்பா!” என்பார்கள். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஐந்து வயதுக் குழந்தை முகத்துக்கு நேரே வேறு என்ன சொல்வது?

அதே வீட்டுக்குள் தீராத முதுகுவலிக்காரி நான் ஒருத்தி இருந்தேன். பிரசவத்துக்குப் பிறகு வந்த வலி. இடுப்புக்கு மேலே தொடங்கி இடது தொடை வரைக்கும் இறங்கும். “ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டாங்கல்ல, அதான்,” என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். டாக்டர் இல்லை என்றார். ஸ்கேன் எடுத்தோம். பெரிதாக எதுவும் இல்லை என்று வந்தது. அதைக் கேட்டு நிம்மதி வரவில்லை, அவமானமாக இருந்தது. ஒன்றுமே இல்லாததற்கா இத்தனை நாளாக முனகுகிறேன்? நானே வரவழைத்துக்கொள்கிறேனா? குழந்தையைத் தூக்காமல் விட்ட ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி வரும். தூக்கினால், தூக்கியது தப்போ என்று வரும்.

ஒருநாள் துவைத்த துணி வாளியைத் தூக்கப் போய், குனிந்தவள் நிமிர முடியாமல் நின்றுவிட்டேன். மகள் ஓடி வந்தாள்.

“படும்மா. நான் மிதிக்கிறேன்.”

படுத்தேன். மூன்று முறை மிதித்தாள். அந்தப் பிஞ்சுப் பாதத்தின் சூடு நன்றாகத்தான் இருந்தது. இறங்கி, என் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கேட்டாள்.

“போச்சாம்மா?”

“போச்சுடி தங்கம்,” என்றேன்.

அவள் தெருவுக்கு ஓடினாள். “எங்கம்மாவுக்குப் போச்சு! எங்கம்மாவுக்கும் போச்சு!” சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து திருவாண்டார்கோயிலிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய என் கணவருக்குத் தெருமுனையிலேயே செய்தி கிடைத்தது. “நிஜமாவா?” என்றார். மகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆமாங்க,” என்றேன்.

அன்றிலிருந்து வலி போனவளாக வாழ வேண்டியதாயிற்று. நிமிரும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன். மாத்திரையைப் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். யாராவது பார்த்தால் வேகமாக நடப்பேன், பார்க்காதபோது சுவரைப் பிடித்துக்கொள்வேன். வலி கூடியதே தவிரக் குறையவில்லை. காலையில் கண் விழித்ததும் உடம்பு வலிக்கும் முன்பே, இன்றைக்கு எப்படி மறைப்பது என்ற பயம் வந்துவிடும். பயம் வந்த கையோடு முதுகு கட்டையாகிவிடும்.

அப்படியே சில மாதம் ஓடியது. ஒரு காலை, பள்ளி வேன் வரும் நேரம். டிபன் பாக்ஸை மூடிவிட்டு, சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பினால், மகள் ஷூ மாட்டிக்கொண்டு கதவருகே நிற்கிறாள். ஹாரன் அடித்தது. வேனில் ஏறிப் போய்விட்டாள்.

அந்த வாரக் கடைசியில் எதிர்வீட்டு அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “எங்க, நம்ம டாக்டரு?” என்று கூப்பிட்டாள். மகள் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்து, பாவாடையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். கெஞ்சிப் பார்த்தோம். வரவில்லை. அக்கா போன பிறகு தேடினால், குளியலறையில் சோப்பும் பீர்க்கங்கூடுமாக உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாதம் சிவந்திருந்தது.

“இன்னாடி பண்ற?”

“என் காலு பொய்க்கால்மா. வேலையே செய்யல.”

என் வலியை மறைத்து அவளைக் காப்பாற்றியதாக நினைத்திருந்தேன். அதன் பாரம் முழுக்க அவள் காலில் இறங்கியிருந்தது.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் வலிக்கான பிரிவில் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்லி எனக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு என்ன பைத்தியமா என்று ரோஷப்பட்டு அந்தச் சீட்டை மடித்து வைத்திருந்தேன். திங்கட்கிழமை விடிந்ததும் எடுத்துக்கொண்டு போனேன். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாவுக்கு. நான் சொன்னதை எல்லாம் கேட்டார். ஸ்கேனில் ஒன்றும் இல்லையே, அப்படியானால் என் வலி பொய்யா என்று கேட்டேன்.

“வலி நிஜம். நீங்க கற்பனை பண்ணல. ஆனா பயப்படப் பயப்பட அது கூடும். கவலை, தூக்கமில்லாதது, எல்லாம் அதுக்குத் தீனி,” என்றார். அப்புறம், “வலியைத் தூக்கிச் சுமக்கிறது ஒரு வேலைங்க. அதை மறைக்கிறது இன்னொரு வேலை. ரெண்டாவது வேலையை உங்களுக்கு யாரு குடுத்தா?” என்றார்.

யாரும் கொடுக்கவில்லை.

மூச்சை மெதுவாக விடப் பழக்கினார். வலி வந்ததும் ‘ஐயோ, இனி என்ன ஆகுமோ’ என்று மனது ஓடுகிற ஓட்டத்தைக் கவனித்து, ‘இது பழைய வலிதான், முன்பும் வந்து இறங்கியிருக்கிறது’ என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளச் சொன்னார். தினமும் அளவாக நடக்கச் சொன்னார். நன்றாக இருக்கும் நாளில் அளவைக் கூட்டக்கூடாது. மோசமான நாளில், நின்று நின்றாவது அதே அளவை முடிக்கப் பார்க்க வேண்டும். கடைசியாக, “குழந்தைகிட்ட உண்மையைச் சொல்லுங்க,” என்றார். மற்றதெல்லாம் அன்று மாலையே தொடங்கினேன். கடைசியாகச் சொன்னதற்கு நான்கு நாள் ஆனது. ஐந்து வயதுக் குழந்தையிடம் அம்மாவுக்குத் தீராத வலி என்று சொல்லலாமா? பயந்துவிட மாட்டாளா? இன்றைக்கும் எனக்கு அந்தச் சந்தேகம் முழுதாகப் போகவில்லை.

தலை வாரிவிடும்போது சொன்னேன். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதால் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

“அன்னைக்கு அம்மா உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்டி. வலி போவல.”

வெடுக்கென்று திரும்பினாள். பாதிப் பின்னல் என் கையிலிருந்து நழுவி அவிழ்ந்தது.

“பொய் சொன்னா சாமி கண்ணக் குத்தும்னு நீதான சொன்ன!”

“ஆமாம். தப்புதான்.”

“அப்போ என் காலு?”

“உன் காலு நல்ல காலு. அம்மா வலி மிதிச்சா போற வலி இல்ல. டாக்டர் மருந்து குடுத்தே போவல. அது உன் தப்பு இல்ல, டாக்டர் தப்பும் இல்ல, அம்மா தப்பும் இல்ல.”

கடைசியாகச் சொன்னதை நான் அதுவரை எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

“எப்பவுமே போவாதா?”

“தெரியல. ஆனா அத வச்சிக்கினே நடக்கலாமாம். ஏரிக்கரை வரைக்கும் நடக்கப் போறேன். நீயும் வர்றியா?”

“ஐஸ் உண்டா?”

“இல்ல.”

“சரி, வரேன்,” என்று திரும்பி உட்கார்ந்தாள்.

எங்கள் தெருவிலிருந்து ஏரிக்கரைக்குப் போகும் சாலையில் மின்கம்பங்கள் உண்டு. முதலில் ஆறு கம்பம் போய்த் திரும்புவது என்று வைத்துக்கொண்டோம். கணக்குப்பிள்ளை அவள்தான். அந்த ஆலோசகர் சொன்னதை அவளிடமும் சொல்லியிருந்தேன்; என்னைவிட அவள் சரியாகப் பிடித்துக்கொண்டாள். உடம்பு லேசாக இருந்த ஒரு மாலை, காற்றும் நன்றாக இருக்க, ஏழாவது கம்பத்துக்குக் கால் போயிற்று. முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “ஆறுதான். அளவு தாண்டக்கூடாது.” மோசமான ஒருநாள் மூன்றாவது கம்பத்திலேயே எனக்கு அழுகை வந்தது. திரும்பிவிடலாம் என்றேன். அவள் மறுக்கவும் இல்லை, வா என்று இழுக்கவும் இல்லை. கம்பத்தில் சாய்ந்துகொண்டு, “மூச்சு விடும்மா, நான் எண்றேன்,” என்றாள். இருபது வரை எண்ணினாள். பதினைந்தை விட்டுவிட்டாள். நான்காவதுக்குப் போனோம். அன்று ஆறு முடிக்க இருட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றிருந்த கணவரிடம் நானே சொன்னேன்: “வலி போவலங்க. அன்னைக்குச் சொன்னது பொய். ஆனா இன்னைக்கு ஆறும் முடிச்சேன்.” அவர் உள்ளே போய் இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். மறுநாளிலிருந்து வாளி தூக்குவது அவர் வேலையானது.

ஆறு கம்பம் மாதக் கணக்கில் மெதுவாக ஏறிப் பதினான்கு ஆனது. மாத்திரை அலமாரியில் எல்லார் கண்ணிலும் படும்படி வந்துவிட்டது. வலி? இருக்கிறது. சில நாள் பக்கத்து அறையில் இருப்பதுபோல், சில நாள் மடியிலேயே. ஆனால் அதைப் பார்த்து நடுங்குவது குறைந்துவிட்டது.

போன தையில் வில்லியனூரில் ஒரு மண்டபத்தில் என் கணவரின் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து. சின்ன மருமகளான நான் பந்தியில் நிற்க வேண்டும். அதுதான் முறை. முதல் பந்தி முடிவதற்குள் இடுப்பு இறுகிவிட்டது. சாம்பார் வாளியை வைத்துவிட்டுத் தூணோரம் நின்றேன். அந்த அண்ணனின் மனைவி, என் ஓர்ப்படி, பார்த்துவிட்டாள்.

“இன்னாடி, அதுக்குள்ள நின்னுட்ட? உம் பொண்ணு மிதிச்சிப் போச்சுன்னு அப்போ ஊரெல்லாம் சொன்னாங்களே. இப்போ இன்னா, போச்சா, போவலையா?”

பந்தியில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் இலைக்கு முன்னால் அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடிக்காமல் என்னையே பார்த்தாள். ‘போச்சுக்கா’ என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம். விசேஷ வீடு, பெரியவர்கள் இருக்கிறார்கள், நல்ல காரியத்தில் நோய் நொடி பேசுவானேன். எல்லா நியாயமும் வரிசையாக வந்து நின்றது.

“இல்லக்கா. போவல,” என்றேன். “இன்னைக்கு வலிக்குது. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, அடுத்த பந்திக்கு அப்பளம், பாயசம் நான் பாக்குறேன். வாளி மட்டும் வேற யாராவது எடுக்கட்டும்.”

“அத மொதல்லயே சொல்றதுதான? தூண்ல சாஞ்சி நின்னா எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?” என்று ஓர்ப்படி கடிந்துகொண்டு, தன் தம்பியைக் கூப்பிட்டு வாளியைக் கொடுத்தாள்.

மகள் எழுந்து போய், தன் நெஞ்சு உயரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை மண்டபம் முழுக்கக் கிறீச்சிடும்படி இழுத்துக்கொண்டு வந்தாள். பந்தியே பார்த்தது. “எங்கம்மா தெனமும் பதினாலு கம்பம் நடப்பாங்க,” என்று யாரும் கேட்காமலே எல்லாருக்கும் சொன்னாள். நான் உட்கார்ந்தேன். இப்படி நடுமண்டபத்தில் உட்கார்ந்தது சரியா என்று ஒரு நினைப்பு எழாமல் இல்லை. எழுந்தது, இருக்கட்டும் என்று விட்டேன். நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

அவள் தன் இலைக்குத் திரும்பிப் போய் அப்பளத்தை நொறுக்கினாள். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.