கறை படாத வெள்ளைக் குதிரை

எனக்குப் பொறுமை கம்மி. அது மனிதர்களிடம் மட்டும்தான். விலங்குகளின் முன்னால் பொழுது போவதே தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். வீடுகளில் வளரும் நாய், பூனை, குதிரையெல்லாம் சௌகரியமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, ஊசி போடாமல் நாற்காலி போட்டுக் குதிரையை வேடிக்கை பார்க்கிறாள் என்று என் வீட்டிலேயே கேலி செய்வார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வேலம்பாளையத்தில் அந்த வெள்ளைப் பெண்குதிரையையும் அப்படித்தான் பார்க்கப் போனேன். கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற குதிரை. ஓட்டிப் போவது கணவர், குட்டியிலிருந்து வளர்த்தது மனைவி. அந்த அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர். துணியில் கடுகளவு கறை இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் வேலை. குதிரையும் அப்படியே பளபளவென்று இருந்தது.

ஆனால் அது ஓர் ஊர்வலத்தில் முட்டி மடங்கிச் சாய்ந்திருக்கிறது. மாப்பிள்ளை மாலையும் கையுமாக மேளக்காரர் மேல் போய் விழுந்திருக்கிறார். வலிப்பு என்று முடிவு கட்டிய கணவர், குதிரையை விற்க ஒரு புரோக்கரிடம் பேசிவிட்டார். ஏற்றிப் போக ஞாயிற்றுக்கிழமை டெம்போ வரும்.

"ஏனுங்க டாக்டரம்மா, இது வலிப்புதானுங்களா?" என்று கேட்ட அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

நான் வழக்கம்போல நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மதியம் முழுக்கப் பார்த்தேன். குதிரையின் இமை மூடும், தலை தொங்கும், முன்கால் மடங்கும், உடனே திடுக்கிட்டு நிமிரும். கணுக்கால்களில் ஆறாத சிராய்ப்பு. கழுத்துக் கயிறோ கொட்டகைத் தூணில் உயரத்தில் ஒட்டக் கட்டியிருந்தது.

"கயித்தை ஏன் இப்படி இழுத்துக் கட்டியிருக்கீங்க?"

"வெள்ளைக் குதிரைங்க. படுத்து எந்திரிச்சா சாணிக் கறை புடிச்சுக்குமுங்க. கறையோட மாப்பிள்ளையை ஏத்த முடியுங்களா? நின்னுட்டே தூங்கற சாதிதானுங்களே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பாசமாகச் செய்த காரியத்தைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நின்றபடி கண்ணயரலாம், ஆனால் ஆழ்ந்து தூங்கக் குதிரை படுத்தாக வேண்டும் என்று சொன்னேன். இது வலிப்பு இல்லை, தூக்கம் கெட்டுப்போன உடம்பு.

கயிற்றை அவிழ்த்தோம். கொட்டகை வாசலில் மூங்கில் கட்டித் தடுத்தோம். உள்ளே மெத்தென்று மணல் பரப்பினோம். கணவர் நம்பவில்லை. "பாக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்தடுத்த நாட்களில் குதிரை மணலை முகர்ந்தது, சுற்றிச் சுற்றி வந்தது, படுக்கவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மற்றவர்களிடம் காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை அந்த அம்மாவின் போன். "டாக்டரம்மா, விழுந்து கெடக்குதுங்க. காலை நீட்டிருச்சுங்க." அதற்குமேல் அழுகைதான் கேட்டது.

அவிநாசியிலிருந்து ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. போய்ப் பார்த்தால் குதிரை பக்கவாட்டில், நாலு காலையும் நீட்டி, கன்னத்தை மணலில் புதைத்துக் கிடந்தது. பக்கத்தில் போய்க் குனிந்தேன். குறட்டை. உதடு லேசாகத் துடித்தது. கனவு கண்டுகொண்டிருந்தது போல.

"தூங்குதுங்க" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அந்த அம்மா மூங்கிலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வயிற்றோரம் பெரிதாகச் சாணிக் கறை. கணவர் வாளித் தண்ணீரோடு வந்தார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "கெடக்கட்டுங்க. எந்திரிச்சதும் கழுவிக்கலாம்" என்றார்.

அப்போது தெருமுனையில் டெம்போ ஹாரன் கேட்டது. குதிரையின் காது ஒருமுறை அசைந்தது. கணவர் வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் ஓடினார்.

"ஹாரன் அடிக்காதீங்க" என்று அவர் டிரைவரிடம் சொன்னது எங்களுக்குக் கேட்டது. "வண்டியைத் திருப்பிக்குங்க. புள்ள தூங்குது."