கத்திரி அக்கா வாங்கிய கிட்டார்

மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஒரு நீள அறையில் அவளுக்கு வேலை. மேலே அறுவைசிகிச்சைக்குப் பயன்பட்ட கருவிகள் ரத்தக்கறையோடு கீழே இறங்கி வரும். அவற்றைக் கழுவி, கிருமி சாக ஆவிப்பெட்டியில் ஏற்றி, காயவைத்து, தட்டுத் தட்டாக அடுக்கித் திரும்ப மேலே அனுப்ப வேண்டும். கத்திரிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்ப்பாள். எங்காவது லேசாகச் சிக்கினாலும் தனியே எடுத்து வைத்துவிடுவாள். அதனால் மேலிருந்து கீழ்வரை எல்லாருக்கும் அவள் கத்திரி அக்கா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது, யாரும் எடுத்துப் பயன்படுத்தவில்லை.

அந்த வேலைக்கு நகம் இருக்கக் கூடாது. திங்கள்கிழமை தோறும் மேற்பார்வைக்காரி எல்லாரையும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிறுத்திக் கையை நீட்டச் சொல்வாள். வெள்ளை விளிம்பு கொஞ்சம் தெரிந்தாலும் போச்சு. கத்திரி அக்காவின் நகங்கள் சதையோடு சதையாக வெட்டப்பட்டு, வெந்நீரும் சோப்பும் பட்டுப்பட்டு, விரல் நுனியெல்லாம் ஊறிக் காய்ந்த காகிதம் போல இருக்கும்.

அந்த விரல்களால்தான் அவள் கிட்டார் வாசித்தாள்.

கிட்டார் தம்பியுடையது. கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனபோது, "கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்கா" என்று அலமாரிக்குப் பின்னால் சாய்த்துவிட்டுப் போனவன், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பீரோவுக்கு இடுப்பு வைத்தது போல அத்தனை பெரிய கிட்டார். ஒருநாள் ஒட்டடை அடிக்கும்போது துடைப்பம் கம்பியில் பட்டு ஒரு சத்தம் வந்தது. அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை தட்டினாள். அதோடு மாட்டிக்கொண்டாள்.

வாசிப்பெல்லாம் போனில் பார்த்துக் கற்றதுதான். பிக் என்கிற பிளாஸ்டிக் வில்லையால் கம்பியை ஓங்கித் தட்டுகிற வழி அவளுக்கு ஒத்துவராது. அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எவர் நடுவழியில் மாட்டிக்கொண்டாலும் கூப்பிடுவார்கள், அதனால் கிடைத்த நேரத்தில் தூங்குகிறவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் படுத்திருக்க, இந்தப் பக்கம் அவள் வெறும் விரலால் வாசிப்பாள். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் நிதானமாக நடக்கும், மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டைப் பொறுக்கும். வேலையிலிருந்து வந்ததற்கும் அடுப்பைப் பற்றவைப்பதற்கும் நடுவில் ஒரு அரைமணி நேரம். நாள் முழுவதிலும் யாரும் அவளிடம் எதையும் கேட்காத நேரம் அது ஒன்றுதான்.

பிறகு தோள் போயிற்று. பாதி தட்டு தூக்கித் தூக்கி, மீதி அந்தப் பீரோவைக் கட்டிப்பிடித்து. கிட்டாரின் உடம்பைச் சுற்றி வலது கையை வளைத்தாலே தோளில் ஆணி இறங்குவது போல இருந்தது. மருத்துவமனையிலேயே இருந்த இயன்முறை மருத்துவர் கையைத் தூக்கிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, தட்டு தூக்குவதை விட முடியாது, கிட்டாரை விடலாமே என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, "இல்லன்னா சின்னதா ஒண்ணு வாங்கிக்கோங்க, மடியில அடங்குற மாதிரி" என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டாள். சின்னதாக ஒன்று வாங்கிப் பார்ப்பது. அதுவும் சரிப்படவில்லை என்றால் இந்த ஆசைக்கு முழுக்குப் போட்டுவிடுவது. இரண்டாவது தடவை மனசைத் தேற்றிக்கொண்டு கிளம்பத் தன்னிடம் தெம்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

விஷயம் காதில் விழுந்ததும் தம்பி ஓடிவந்தான். கிட்டாரைத் தொட்டுப் பல காலம் ஆகியிருந்தாலும் கிட்டாரைப் பற்றிய பேச்சில் அவனை அசைக்க முடியாது. எந்த மரம், எந்தக் கம்பி, கழுத்து எவ்வளவு அகலம் என்று எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவன் மாதிரி வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தான். விரலால் வாசிக்கிறவர்களுக்குக் கம்பிகளுக்கு நடுவே இடம் வேண்டும், இல்லையென்றால் ஒன்றைத் தொடப் போய் இரண்டைத் தொடுவாய் என்றான். அது மட்டும் அவளுக்குப் புரிந்தது, அனுபவித்ததுதான்.

கடையில் அவர்களைக் கவனித்த பையன் உச்சந்தலையில் முடியை அள்ளி முடிந்திருந்தான். தம்பி அக்காவின் காதில், "குடுமிக்கு விஷயம் தெரியும்போல" என்றான். குடுமி இடுப்புச் சிறுத்த கிட்டார்களாக நாலைந்து எடுத்து வரிசையாக நிறுத்தி, உட்காருங்க மேடம், வாசிச்சுப் பாருங்க என்று முக்காலியைக் காட்டினான்.

கடை நிறையக் கூட்டம். ஒரு மூலையில் ஒரு பெண் அடித்த டிரம்ஸில் தரை அதிர்ந்தது. சுவருக்குக்கூடத் தெரியாமல் வாசித்துப் பழகியவள், இத்தனை பேருக்கு நடுவில் எப்படி வாசிப்பாள்? "நீங்களே வாசிச்சுக் காட்டுங்க, நான் கேக்குறேன்" என்றாள்.

அவன் வலது கையில் நீள நீளமாக நகம் வளர்த்து, அரம் போட்டு, பளபளவென்று வைத்திருந்தான். ஒவ்வொன்றாக மடியில் வைத்து வாசித்தான். வெள்ளை வெளேரென்ற ஸ்புரூஸ் மரப்பலகை போட்ட கிட்டார் ஒன்று அவன் கையில் கண்ணாடி மணி மாதிரி பேசியது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். அவளுக்கும் உடம்பு சிலிர்த்தது. அதையே வாங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் வைத்தாள். தோளுக்குப் பழைய அளவு வலி இல்லை, இருந்தாலும் விளிம்பு கூராகக் கையை அறுத்தது. அது போகட்டும் என்று கம்பியைத் தொட்டாள். டொக் டொக்கென்று தகரத்தைத் தட்டினது போலிருந்தது. இன்னும் அழுத்தித் தொட்டாள். தகரம் கொஞ்சம் பெரிதாயிற்று. கடையில் கேட்ட மணியை எங்கே வைத்துவிட்டு வந்தோம் என்று யோசித்துக்கொண்டே இரண்டு மூன்று சாயங்காலம் போராடிப் பார்த்தாள். கையும் ஓய்ந்து மனசும் விட்டுப்போயிற்று.

போனில் சொன்னபோது தம்பிக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. புது மரம் அப்படித்தான், வாசிக்க வாசிக்கத் திறக்கும் என்றான். எவ்வளவு நாளில் என்று கேட்டதற்கு, சில வருஷம் ஆகலாம் என்றான். பிறகு, "நகம் வளர்த்துக்கோக்கா, எல்லாம் சரியாயிடும்" என்றான். திங்கள்கிழமை வரிசையை நினைத்துக்கொண்டாள். ஒட்டிக்கொள்கிற நகம் இருக்கிறதே என்றான். தினமும் ஒட்டிப் பிய்க்கவா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு அவள் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடியபோது, வீட்டுக்காரர் அப்போதுதான் எழுந்து, தலை கலைந்து, தேநீர் கோப்பையோடு கதவோரம் வந்து நின்றார். என்ன, கட்டிவச்சாச்சா என்று கேட்டார். ஆமா, சரிப்படலை, விட்டுடப் போறேன் என்றாள்.

அவர் தேநீரை ஊதினார்.

"கடையில நீ வாசிச்சுப் பார்த்தியா?"

"இல்ல. அந்தப் பையன் வாசிச்சான். நல்லாத்தான் இருந்துச்சு."

"செருப்பு வாங்கப் போனா அவன் கால்லயா போட்டுப் பார்ப்ப?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே தன்மேலேயே எரிச்சலும் வந்தது. ஒரு வாரத்துக்குள் கீறல் இல்லாமல் கொண்டுவந்தால் மாற்றித் தருவோம் என்று குடுமி சொல்லியிருந்தான். லீவு நாளில், குளித்துச் சாப்பிட்டு, தெளிவாகப் போகலாம் என்று முதலில் நினைத்தாள். பிறகு ஒன்று உறைத்தது. லீவு நாளில் தெளிவாக இருக்கிற கையால் அவள் எப்போது வாசித்திருக்கிறாள்? வாசிக்கப் போவது வேலைக்குப் பிந்திய கை. அதுதான் வந்து தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு ஆள் வராததால் மற்றவர்கள் பங்கையும் சேர்த்துத் தட்டு தூக்கிய ஒரு நாளாகப் பார்த்து, தோளில் கிட்டாரை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். நின்றுகொண்டேதான் போனாள். கிட்டார் இடிக்கிறது என்று பின்னாலிருந்த அம்மாள் வழி முழுக்க முனகினாள். தம்பியிடம் சொல்லவில்லை.

குடுமி உறையைப் பிரித்து, கீறலைத் தேடி, இல்லை என்றதும் முகம் மலர்ந்தான். வேறு ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்கப் போனான்.

"தம்பி, நீங்க வாசிக்காதீங்க" என்றாள். "நீங்க வாசிச்சா எல்லாமே நல்லா இருக்கு. அதுதான் பிரச்சினை."

அவன் கிட்டாரை அவளிடம் நீட்டினான். அவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்தபடி முக்காலியில் உட்கார்ந்தாள். வீட்டிலும் சுவரைப் பார்த்துத்தானே. அவளுக்கு முழுசாகத் தெரிந்தது ஒரே ஒரு மெட்டு, மீதியெல்லாம் பாதியில் நிற்பவை. அந்த ஒன்றை முதல் கிட்டாரில் வாசித்தாள். கம்பிகள் நெருக்கம், விரல் விரலை இடித்தது. அடுத்ததில் சத்தம் தாராளமாக வந்தது, ஆனால் மெட்டு பாதி போவதற்குள் தோள்வலி எழுந்து உட்கார்ந்துகொண்டது. குடுமி இதுதான் எங்ககிட்ட இருக்கிறதிலேயே உசத்தி என்று மூன்றாவதாக ஒன்றைக் கொடுத்தான். உசத்திதான். கையைக் கட்டிப்போட்டது போல அவளுக்குத்தான் அதில் ஒன்றும் ஓடவில்லை.

ஓரத்தில், மற்றவற்றுக்குப் பின்னால், தேநீர் கொட்டித் துடைத்த மேசை நிறத்தில் ஒரு குட்டிக் கிட்டார் தொங்கியது. அதைக் கேட்டாள். குடுமி தயங்கினான். அது தேவதாரு மரம் மேடம், ரொம்ப மெல்லிசான குரல், ஓங்கி வாசிச்சா எடுபடாது, அதனால யாரும் எடுக்கறதில்ல என்றான்.

"நான் ஓங்கி வாசிக்கப் போறதில்ல" என்றாள்.

மடியில் வைத்ததும் வலது கை அதன் மேல் தானாக விழுந்து கிடந்தது, தூக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. வெறும் சதையால் ஒரு கம்பியைத் தொட்டாள். தொட்ட அளவுக்குப் பேசியது. இன்னும் மெதுவாகத் தொட்டாள். அதற்கும் பதில் இருந்தது. மெட்டை ஆரம்பித்தாள். நடுவில் ஒரு இடத்தில் சறுக்கினாள், பரவாயில்லை என்று மேலே போனாள். டிரம்ஸ் எங்கேயோ தூரத்தில் இருந்தது. மெட்டு முடிகிற இடத்துக்கு வந்ததும் திரும்ப முதலிலிருந்து எடுத்தாள். கன்னம் கிட்டாரின் தோள்பக்கத்தில் சாய்ந்தது. அந்த மரத்துக்குள் ஓடுகிற அதிர்வு தாடை எலும்பில் கேட்டது. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

"மேடம்" என்று யாரோ கூப்பிட்டார்கள். பிறகு, "அக்கா… அக்கா…"

நிமிர்ந்து பார்த்தாள். கன்னத்தில் கிட்டார் விளிம்பின் கோடு பதிந்திருந்தது. கடையில் கூட்டம் கரைந்திருந்தது. டிரம்ஸ் அடித்த இடத்தில் யாரும் இல்லை. குடுமி ஒரு டம்ளர் தண்ணீரோடு நின்றான். தொந்தரவு பண்ண வேணாம்னு பார்த்தேன், கடை சாத்தற நேரம் ஆகுது என்றான். எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று கேட்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு வலது தோளை மெல்லச் சுழற்றிப் பார்த்தாள். தோளில் ஆணி இருந்தது, ஆனால் இறங்கவில்லை. இத்தனை நாளும் பழைய பீரோவோ, வெள்ளைக் கிட்டாரோ மடியில் இருந்தபோது இந்தத் தோள் அவளைக் கண்ணசர விட்டதே இல்லை.

"இதைக் குடுங்க" என்றாள்.

"இன்னும் ரெண்டு இருக்கு, பார்க்கலையா?"

"எனக்குத் தூக்கம் வருது தம்பி. இதுவே போதும்."

வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும் முதலில் கன்னத்துக் கோட்டைத்தான் பார்த்தார். அவள் சொன்னாள். அவர் நம்பவில்லை. கடையிலயா, உட்கார்ந்துகிட்டேயா, எல்லார் முன்னாடியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு அந்தக் குட்டிக் கிட்டாரை வாங்கி, தலையணையைப் பார்க்கிற மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கும் சேர்த்து ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கலாம்" என்றார்.

தம்பி விவரம் கேட்டுப் போன் செய்தபோது தேவதாரு என்றாள். நல்ல மரம்தான், நானே அதைச் சொல்லணும்னு இருந்தேன் என்றான் அவன். அவள் சரி என்றாள். பீரோவை எப்ப எடுத்துட்டுப் போவ என்று மட்டும் கேட்டாள். அவன் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டான்.

மறுநாளும் தட்டுகள் இறங்கி வந்தன, ஏறிப் போயின. ஒரு கத்திரி சிக்கியது, தனியே எடுத்து வைத்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கிட்டாரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். வேலையிலிருந்து கொண்டுவந்த களைப்பு அப்படியேதான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை சீராகக் கேட்டது. அதன் தாளத்துக்கே கட்டைவிரலை நடக்கவிட்டு, பாதியில் நிற்கிற மெட்டுகளில் ஒன்றை எடுத்தாள்.