மூன்று முளைக்குச்சிகளும் ஒரு பிரெஞ்சு வினையும்

போன வாரம் என் பிரெஞ்சு நோட்டை முசே திருப்பிக் கொடுத்தார். பக்கம் முழுக்கச் சிவப்பு மசி. அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது.

முசே யாரென்று புது வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிக் கச்சேரியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மகளோடு சேலத்தில் குடியிருப்பவர். நாற்பத்திரண்டு வயதில் எனக்குப் பிரெஞ்சு படிக்க ஆசை வந்ததும், அதற்கு வாத்தியாராக அவர் வந்து மாட்டிக்கொண்டதும் பழைய கதை. ஏன் இந்த ஆசை என்று கேட்காதீர்கள்... என் மனைவி கேட்டே பதில் கிடைக்கவில்லை.

இப்போது தகராறு ஒரு வினை வடிவத்தோடு. நடந்திருக்கலாம், ஆனால் நடக்கவில்லை — அதைச் சொல்வதற்கென்றே பிரெஞ்சுக்காரர்கள் தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள். செய்முறை சுலபம்தான். ‘அவுவார்’ என்று ஒரு துணைவினை, ‘எத்ர்’ என்று இன்னொன்று. இரண்டில் ஒன்றை நிபந்தனைக் கோலத்தில் முன்னால் நிறுத்தி, முடிந்துபோன வினையைப் பின்னால் கட்டிவிட வேண்டும். ‘ஜோரே ஃபே’ — செய்திருப்பேன். போவது, வருவது, பிறப்பது, சாவது போன்ற சில வினைகளுக்கு மட்டும் இரண்டாவது துணை. ‘ஜ ஸெரே வெனு’ — வந்திருப்பேன்.

நமக்கோ ‘இரு’ ஒன்றே போதும். செய்து, வந்து, செத்து — எதன் பின்னால் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குப் புல்லரித்தது. கடல் தாண்டி இருக்கிற ஒரு ஜனமும், நாமும், நடக்காமல் போனதைச் சொல்ல ஒரே மாதிரி இரண்டு சொல்லைச் சேர்த்துக் கட்டியிருக்கிறோமே!

அப்புறம் எங்கே சிவப்பு மசி வந்தது? ‘தெரிந்திருந்தால்’ என்கிறோமே, அந்தப் பாதியில். அங்கே ‘ஸி ஜாவே ஸு’ என்று வேறு உருவம் போட வேண்டுமாம். நான் இரண்டு பாதியிலும் ‘ஜோரே’ போட்டு வைத்திருந்தேன். முசே தலையில் அடித்துக்கொண்டு, இருபது வாக்கியம் எழுதி வரச் சொன்னார். சும்மா ஜோடித்தது கூடாது, உயிருள்ள ஒரு மனிதன் நிஜமாகவே சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும் என்றார். போகிற போக்கில் இன்னொரு உபயோகமும் சொன்னார். ஊர்ஜிதமாகாத செய்தியைப் பிரெஞ்சுப் பத்திரிகைக்காரர்கள் இதே கோலத்தில் எழுதித் தப்பித்துக்கொள்வார்களாம். நம் பத்திரிகைத் தொழிலுக்கு எவ்வளவு சௌகரியம் பாருங்கள்.

வாக்கியத்துக்கு எங்கே போவது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோதுதான் கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து கடிதம் வந்தது. என் தங்கை செல்லாயி அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் புருஷன் பழனியப்பனுடைய உழவு மாடு ஒன்று கொல்லிமலையில் செத்துப்போயிற்று. மேலே நியாயம் வைத்திருக்கிறார்கள், பேப்பரில் எழுதுகிற ஆள் கூட வந்தால் கொஞ்சம் பயப்படுவார்கள், வரவும் — இதுதான் கடிதம். என்னைப் பார்த்துப் பயப்படவும் உலகத்தில் ஆள் இருக்கிறது என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிளம்பிவிட்டேன்.

யுத்த காலத்துக் கரி பஸ் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி அடிவாரம் சேர்ந்தது. மறுநாள் விடிந்ததும் மாப்பிள்ளையும் நானும் மலை ஏறினோம். என் கையில் பிரெஞ்சு இலக்கணப் புத்தகம். வழியில் படிக்கலாம் என்று எடுத்துப் போனேன்... முதல் ஏற்றத்திலேயே அது பாரமாகிவிட்டது.

விஷயம் இதுதான். கோடையில் கீழே புல் காய்ந்துவிடும். அதனால் அடிவாரத்துக் குடியானவர்கள் தங்கள் மாடுகளை மேலே மலையிலிருக்கும் பைல் நாட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். மலைக்காரர் யாராவது மழை வரும்வரை மேய்த்துக் கொடுப்பார். எழுத்து இல்லை, சாட்சி இல்லை, நம்பிக்கைதான். மாப்பிள்ளை தன் உழவு ஜோடியைச் சடையன் என்பவரிடம் விட்டிருந்தார். ஒரு பகலில் சரிவில் புல் தீப்பிடித்தது. ஒரு காளை பிழைத்தது. மற்றது பாறையிலிருந்து விழுந்து செத்தது.

“கஞ்சியக் குடிச்சுட்டு எங்கியாச்சும் படுத்துத் தூங்கியிருப்பானுங்க மச்சான்” என்றார் மாப்பிள்ளை.

ஊர்ஜிதமாகாத செய்தி! எனக்கு முசே ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். உழவு நெருங்குகிற சமயத்தில் ஜோடி உடைந்தால் எந்தக் குடியானவனுக்குத்தான் வயிறு எரியாது? குற்றம் நிலைத்தால் சடையனை ஊரிலிருந்து விலக்கி வைப்பார்கள் என்று அவரே சொன்னார். விலக்கி வைத்த வீட்டுக்கு யாரும் நெருப்புக் கொடுக்க மாட்டார்கள்; களை எடுக்க ஆள் வராது; செத்தால் தூக்கவும் வராது. ஒரு துண்டுச் சாமைக் காட்டை வைத்துக்கொண்டு மலையில் தனியாக எத்தனை நாள் பிழைக்க முடியும்? மாப்பிள்ளைக்கு அதுதான் வேண்டியிருந்தது.

ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். ஊருக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. ஒரு கையில் பூட்ஸ், ஒரு கையில் பிரெஞ்சு இலக்கணம் — என்னைப் பார்த்து ஒருவரும் பயப்பட்ட மாதிரி தெரியவில்லை.

பலாமரத்தடியில் பஞ்சாயத்து நடக்கும் என்று நினைத்தேன். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் எங்களை உட்காரக்கூட விடவில்லை. எல்லாரும் எழுந்து சரிவை நோக்கி நடந்தார்கள். அப்போதுதான் அந்த ஊர் வழக்கம் எனக்குத் தெரிந்தது. சம்பவம் நடந்த இடத்துக்கே போக வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் எங்கே நின்றாரோ அங்கே ஒவ்வொருவராகப் போய் நிற்க வேண்டும். நின்று, ‘நான் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புகார் சொன்னவர் கடைசியில். அதுவரை குற்றம் சாட்டப்பட்டவர் வாயைத் திறக்கக் கூடாது. அவருக்காக மற்றவர்களும் பேசக் கூடாது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சேலத்தில் ஒரு மாதமாக நான் முட்டி மோதிக்கொண்டிருந்த அதே வினையை, இங்கே ஒரு ஊரே வரிசையில் நின்று சொல்லிப் பார்க்கிறது! அதுவும் பரீட்சைக்காக இல்லை. ஒருவனை வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா என்று தீர்மானிப்பதற்காக.

சரிவு கன்னங்கரேலென்று கிடந்தது. சடையன் ஓரமாக நின்றார். ஒல்லியான மனிதர். முழங்கைக்குக் கீழே ஏதோ பச்சிலை அரைத்துப் பூசியிருந்தது.

ஒத்தையடிப் பாதையோரம் ஒருவர் போய் நின்றார். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார். ஓடியிருப்பேன், கயிற்றை அறுத்திருப்பேன் என்றார். அடுத்தவர் பச்சைத் தழையை ஒடித்து அடித்திருப்பேன் என்றார். இன்னொருவர் வெகுநேரம் நின்றுவிட்டு, என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அதையும் ஒரு பதிலாகவே ஏற்றுக்கொண்டார்கள். நம் ஊர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தைரியம் வரும்?

வந்த விருந்தாளியையும் விடவில்லை. நானும் போய் நின்றேன். எல்லா மாட்டையும் அறுத்து விட்டிருப்பேன் என்று கணீரென்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் மிக மரியாதையாக, “எதுலீங்க சாமி அறுத்திருப்பீங்க?” என்று கேட்டார். கையிலிருந்த பூட்ஸையும் புத்தகத்தையும் பார்த்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

கடைசியாக மாப்பிள்ளை போனார். சுள்ளென்று ஏதோ சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் குடியானவர் இல்லையா, கண் தானாகத் தரையில் மாடு கட்டும் முளைக்குச்சியைத் தேடியது. கீழே, நல்ல பச்சைப் புல் இருந்ததால் தீ அரைகுறையாகப் பட்ட பள்ளத்தில், இரண்டு முளை. இரண்டிலும் தும்புக் கயிறு மிச்சமிருந்தது. அரிவாளால் அறுத்தது பளிச்சென்று தெரிந்தது. அவர் மேலே திரும்பினார். பாதையை ஒட்டி, அவர் காலுக்குப் பத்தடியில், மூன்றாவதாக ஒரு முளை. அது பாதி கரிந்திருந்தது. கயிறு சாம்பலாக வளைந்து கிடந்தது. அறுத்த அடையாளமே இல்லை.

“இதுல எந்த மாடு கட்டியிருந்துச்சுங்க?” என்று கேட்டார்.

யாரும் வாயால் பதில் சொல்லக் கூடாதே. ஆனால் எல்லாருடைய கண்ணும் சடையன் மேல் போயிற்று. சடையனிடம் ஒரு கறவைப் பசு இருந்தது என்று மாப்பிள்ளைக்கே தெரியும். ஊருக்குள் வந்ததிலிருந்து அதை நாங்கள் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மாப்பிள்ளை மேல் முளையைப் பார்த்தார், கீழ் முளைகளைப் பார்த்தார். இந்த மனிதன் தன் பசுவைத் தாண்டி, தீயை நோக்கி இறங்கி ஓடி, அடுத்தவன் மாடுகளை முதலில் அறுத்துவிட்டிருக்கிறான். காளை மிரண்டு பாறைப் பக்கம் ஓடியது அவன் குற்றமா? அதைத் துரத்திப் போய்விட்டுத் திரும்புவதற்குள் மேலே பசுவின் கதை முடிந்துவிட்டது.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

“நானா இருந்திருந்தா... மொதல்ல என்ற மாட்டத்தானுங்க அவுத்திருப்பேன்.”

முசே கேட்ட உயிருள்ள வாக்கியம். பிரெஞ்சில் அது எப்படி வரும் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஊர்க்கவுண்டர் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. சடையனைப் பார்த்து, இனி பேசலாம் என்றார். சடையன் சொன்னது இவ்வளவுதான்: “அது என்ற மாடுங்க. இது நீங்க நம்பி உட்டதுங்க.”

புகார் அங்கேயே முடிந்தது. மாப்பிள்ளை சடையனின் பச்சிலைக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பிழைத்த காளையை ஓட்டிக்கொண்டு இறங்கினோம். மெத்தப் படித்தவன் என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் உண்டு. அது அந்தச் சரிவிலேயே கரிந்துபோயிருந்தது.

ஒற்றைக் காளையோடு போய் நின்றதும் செல்லாயி என்ன நடந்தது என்று கேட்டாள். மாப்பிள்ளை ஒன்று விடாமல் சொன்னார், தான் சொன்ன வாக்கியத்தையும் சேர்த்து. அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்:

“நானா இருந்திருந்தா, நாளைக்கு ஒரு பசு வருதுன்னு சொல்லிப்போட்டு வந்திருப்பேனுங்க.”

மறுநாள் விடிந்ததும் செல்லாயியின் பசு சடையன் வீட்டுக்கு மலை ஏறியது. அதில் ‘இருந்திருந்தால்’ எதுவும் இல்லை.