தண்ணீர் குடித்துவிட்டுப் போன பிரபு

பிரிக்பீல்ட்ஸ் பல் கிளினிக்கில் பதினாறு வருடமாக நானும் உஷாராணியும் ஒரே கவுண்டரில் உட்காருகிறோம். அவளுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. கிள்ளானில் அண்ணன் நாகையா வீட்டில் இருக்கிறாள். வாயைத் திறந்தால் "அடுத்த ஆள் வாங்க" என்பதற்கு மேல் பேச்சு வராது. அப்படிப்பட்டவள் இருநூறு வருடத்துக்கு முந்திய இங்கிலாந்தைப் பற்றி, இங்கிலீஷிலேயே ஐந்து காதல் நாவல்கள் எழுதி, வேறு பெயரில் இணையத்தில் போட்டிருக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்? எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிரபுக்கள், குதிரை வண்டி, நடன விருந்து, நடுவில் காணாமல் போன உயில் ஒன்று. காதல் என்றால் கடைசி அத்தியாயத்தில் விரல் நுனியில் ஒரு முத்தம், அவ்வளவுதான். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தே படிக்கலாம். அவள் பயந்தது அதற்கில்லை. ஐந்து நாவலிலும் வில்லன் ஒருவன்தான்: தங்கையின் காதலை முறித்து, அவளை வீட்டோடு முடக்கிப்போடும் அண்ணன். கடைசியில் ஒழிந்துபோவான். ஒருவனைக் கடலிலேயே தள்ளிவிட்டாள், மகராசி.

உஷாவின் இருபத்தேழாவது வயதில் காப்பாரிலிருந்து பெண் கேட்டு வந்த சுகுமாறனை, "லோரி ஓட்டறவனுக்கு என் தங்கச்சி கேக்குதா?" என்று வாசலோடு அனுப்பியவர் நாகையா. நாவலைப் படித்தால் தன்னை அடையாளம் கண்டுகொள்வார். அன்றோடு அவளுக்கு அந்த வீடும் இல்லை, எழுத்தும் இல்லை.

போன மாதம் ஒரு வாசகர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். இங்கிலீஷில், பெயர் போடாமல்.

"உங்கள் நாவலில் அந்த அண்ணன் பிரபு வெளியே கிளம்பும்போது வேலைக்காரி 'எங்கே போகிறீர்கள்?' என்று கேட்கிறாள். உடனே அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கடிகாரத்தைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு போகிறார். எந்த வெள்ளைக்காரன் இப்படிச் செய்வான்?"

உஷா அதை என்னிடம் காட்டினாள். கிளம்புகிறவரை யாராவது எங்கே என்று கேட்டுவிட்டால், உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்புவது நம் வீடுகளில் சகஜம். இங்கிலாந்தில் அது கிடையாது என்று எழுதும்போது அவளுக்குத் தோன்றவே இல்லை. கடிகார விஷயம் அதைவிட மோசம். வாட்சையும் கழற்றி மறுபடி கட்டிக்கொண்டு கிளம்பும் மனிதர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே நாகையா ஒருவர்தான்.

"யாரோ நம்மாளுதான் மலர். அண்ணன்கிட்ட சொல்லிட்டா?"

"சும்மா பயப்படாத லா. வேலையத்தவன் எவனோ."

வாய்தான் அப்படிச் சொன்னது. எனக்கும் பயம்தான். அடுத்த வாரமே இரண்டாவது வந்தது: "அந்த வீடு கிள்ளானில் இருக்கிறது. எனக்குத் தெரியும்." அதற்குப்பின் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கொமுட்டர் ரயிலில் பின்னால் யார் நின்றாலும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பல் பிடுங்க வந்தவருக்குக் கிளிப் போடத் தேதி கொடுத்தாள். மூன்றாவதில் ஒரே வரி: "ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த வீட்டில் நேரில் கேட்கிறேன்."

ஆறாவது நாவலை அழித்துவிடுகிறேன் என்று அழுதாள். "அழிச்சே, அப்புறம் என் மூஞ்சிலேயே முழிக்காத" என்று திட்டிவிட்டு, ஞாயிறு காலை நானே கிள்ளானுக்குத் துணைக்குப் போனேன்.

ஹாலில் உட்கார்ந்து வெளிக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து மணி அடித்தது. கேட்டில் யாரும் இல்லை. உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு நாகையா வந்தார். கையில் மகள் விஷ்ணுப்ரியாவின் டேப்லெட். திரையில் உஷாவின் நாவல்.

உஷா எழுந்துவிட்டாள். என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"விஷ்ணுப்ரியா ஒரு எடத்த படிச்சி காட்டி சிரிச்சா. எனக்கு சிரிப்பு வரல" என்றார். "லெட்டர் போட்டது நான்தான்மா. நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். நேரா கேக்க பயமா இருந்துச்சி."

"அண்ணே..."

"அஞ்சையும் படிச்சிட்டேன். கடல்ல விழுந்தவன் வரைக்கும்."

முப்பத்தைந்து வருடம் ரயில்வேயில் எல்லாரையும் அதட்டிய குரல். இப்போது பாதி காற்றாகத்தான் வெளியே வந்தது.

"அடுத்த புக்குல அவன் தங்கச்சிகிட்ட மன்னிப்பு கேக்கற மாதிரி எழுதேன். கேட்டா அவ மன்னிப்பாளா?"

என் மணிக்கட்டிலிருந்து அவள் கை விலகியது. உஷா அண்ணனை நேருக்கு நேர் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"தெரியலண்ணே" என்றாள். "அத இன்னும் எழுதல."